பின்சீட்டின் இடது பக்கம்

அந்த அக்காவுக்கு ஒரே நேரத்தில் இரண்டு விஷயங்களை மாற்றுவது ஆகவே ஆகாது. குழம்பில் உப்புக் குறைந்தால் உப்பை மட்டும் போடுவார். புளியும் குறைவுதான் என்று நாக்குச் சொல்லியிருக்கும்; ஆனாலும் உப்புக் கரைந்து, இன்னொரு முறை ருசி பார்த்த பிறகுதான் புளிப் பக்கம் கை போகும். தலைவலிக்கு மாத்திரை போட்ட அன்று காபி குடிக்க மாட்டார். "ரெண்டையும் சேத்துக் குடிச்சா எது கேட்டுச்சுன்னு எப்படித் தம்பி தெரியும்?" என்பார். தலைவலி போனால் போதும், எதனால் போனால் என்ன என்று நினைக்கிற கூட்டத்தில் நான் ஒருவன்.

பாயான் பாரு ஊரின் ஒரு அடுக்குமாடியில் எங்களுக்கு எதிரெதிர் வீடு. பக்கத்திலிருந்த பாயான் லெப்பாஸில் வேலையும் ஒரே தொழிற்சாலையில். அவர் தரப் பரிசோதனைப் பிரிவில் பல வருடங்களாக இருந்தார். நான் படிப்பை முடித்து வந்து ஆறு மாதம்கூட ஆகாத பொறியாளர். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போனவன் நான்தான் முதல். அப்பா புல் வெட்டுகிற வேலை பார்த்தவர். அதனால் என் சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும். யாராவது எதையாவது கேட்டால் தெரியாது என்று சொல்ல வாய் வராது.

எங்கள் முதல் பேச்சே அதில்தான் தொடங்கியது. சர்க்யூட் போர்டுகளுக்கு ஈயம் பற்றவைக்கும் இயந்திரத்தில் கழிவு அதிகமாகிக்கொண்டே போனது. நான் சூட்டையும் குறைத்தேன், பட்டை ஓடும் வேகத்தையும் குறைத்தேன். கழிவு இறங்கிவிட்டது. மேலாளர் தோளில் தட்டிவிட்டுப் போனார். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடிந்து, முகக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அக்கா வந்து நின்றார்.

"சார், எது சரி பண்ணுச்சு?"

"ரெண்டும்தான்."

"நாளைக்கு மறுபடி கெட்டா ரெண்டையும் மாத்துவீங்களா?"

எனக்குக் கோபம் வந்தது. அவர் என்னைக் கேலி செய்யவில்லை என்பதைப் பார்த்ததும் கோபம் இன்னும் அதிகமானது. அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "அலுப்பா இருக்கு சார், நான் போறேன்," என்று போய்விட்டார். அடுத்த வாரம் இயந்திரம் மறுபடி கெட்டது. எதைத் தொடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அலுப்பா இருக்கு. மற்றவர்கள் வணக்கம் சொல்கிற இடத்தில் அவர் அதைத்தான் சொல்வார். காலையில் மின்தூக்கியில் பார்த்தாலும் அதேதான், மாலையில் பார்த்தாலும் அதேதான். தொழிற்சாலையில் சார், வீட்டுப் பக்கம் தம்பி. அழைப்புத்தான் மாறும், அலுப்பு மாறாது.

கணவரைப் பிரிந்து வந்ததைப் பற்றி அவர் என்னிடம் பேசியது ஒரே ஒரு முறை. துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் எதுவும் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார்: "வீடு, புருஷன், ஷிப்ட்டு மூணையும் ஒரே மாசத்துல மாத்திட்டேன் தம்பி. இப்ப தூக்கம் வருது. எதனால வருதுன்னுதான் தெரியல. எது சரி, எது தப்புன்னு இனிமே பிரிச்சுப் பாக்கவும் முடியாது." பிறகு ஈரச் சட்டையை உதறி, கிளிப்பை மாட்டினார்.

அவருடைய மகள் அவரோடு இல்லை. ஒன்பது வயதுப் பெண். மலைக்கு அந்தப் பக்கம் பாலிக் புலாவில் அப்பாவோடும், அப்பாவின் அக்காவோடும் இருந்தாள். வீட்டை நடத்துவது அந்த அத்தைதான். இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு, காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை பிள்ளை அம்மாவிடம் இருக்கலாம் என்று ஏற்பாடு. அக்காவின் வாழ்க்கையில் அலுப்பில்லாமல் எழுந்திருக்கும் நாள் அது ஒன்றுதான்.

ஆனால் நடுவில் மலை இருந்தது. அதன் மேல் வளைந்து வளைந்து ஏறி இறங்கும் ஒரு சாலை. அக்காவின் கணக்கில் நாற்பத்தொரு வளைவு. அவரிடம் இருந்ததோ வயதான ஒரு குடும்பக் கார்; எங்கள் பேச்சில் காடி. நேர் ரோட்டில் பரவாயில்லை. வளைவு வந்ததும் பெர்ரிக் கப்பல் மாதிரி ஒரு பக்கமாகச் சாயும், நிமிரும், மறுபக்கம் சாயும். பிள்ளை பின்சீட்டில்தான் உட்கார வேண்டும் என்பது அவள் அப்பாவின் கட்டளை. மலை உச்சிக்கு வருவதற்குள் அவளுக்கு வாந்தி வந்துவிடும். வந்து சேர்ந்தால் மதியம் வரை படுக்கை. எழுந்து சாப்பிட்டு, கொஞ்சம் சிரிக்க ஆரம்பிக்கும்போது மணி நாலு. திரும்பிப் போகும்போது மறுபடி வாந்தி. கசங்கிய கவுனோடு வெளுத்துப்போய் இறங்கும் பிள்ளையைத்தான் அத்தை பார்ப்பார்.

"மாத்திரை குடுத்தா வாந்தி வராது," என்றார் அக்கா. "ஆனா சாயங்காலம் வரைக்கும் தூங்கிருவா. தூங்குற பிள்ளையப் பாக்கவா இவ்வளவு தூரம் கூட்டிட்டு வரேன்?"

மெதுவாக ஓட்டிப் பார்த்தார். பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. நேரம் இன்னும் இழுத்தது. அத்தை ஒரு நாள் சொல்லிவிட்டார்: பிள்ளையை இப்படி வாட்ட வேண்டாம், நீயே இங்கே வந்து ஹாலில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போ.

"அந்த ஹால்ல உட்கார்ந்தா இன்டர்வியூக்குப் போன மாதிரி இருக்கும் தம்பி. பிள்ள 'நல்லா இருக்கேம்மா'ன்னு சொல்லும். நான் 'நல்லா படி'ன்னு சொல்லுவேன். அப்புறம் டீ வரும். அவ்வளவுதான்."

அதனால் காரின் ஆட்டத்தை நிறுத்த வேண்டும் என்று முடிவு செய்தார். எப்படிச் செய்வார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தடவைக்கு ஒன்று.

முதலில் டயர்க் காற்று. அடுத்த ஞாயிறு அவர்கள் வந்து இறங்கும்போது நான் கீழே நின்றிருந்தேன். பிள்ளை கதவைத் திறந்ததும் குனிந்துவிட்டாள். அக்கா ஓடி வந்து ஒரு கையால் அவள் முதுகைத் தடவினார். இன்னொரு கையால் காரின் கூரைமேல் ஒரு நோட்டை விரித்து எழுதினார்.

பிள்ளையை மேலே படுக்கவைத்துவிட்டு வாளியோடு இறங்கி வந்தவரிடம் கேட்டேவிட்டேன். "அக்கா, அது பிள்ளைலா. நம்ம லைன்ல வர்ற போர்டு இல்ல. ஒவ்வொண்ணா மாத்தி ஒவ்வொரு தடவையும் வாந்தி எடுக்க வச்சா, அது என்ன கணக்கு?"

அவர் சீட்டை முழுவதும் துடைத்து முடித்தார். மறுநாள் மாலை என் கதவைத் தட்டினார்.

"நீ சொன்னது சரிதான். அப்ப வேற யார வச்சுப் பாக்கறது?"

"எனக்கும் வாந்தி வரும்கா," என்றேன். உண்மைதான். எங்கள் வீட்டில் மோட்டார்சைக்கிள் மட்டுமே இருந்தது. காரின் பின்சீட்டுக்கு என் வயிறு பழகவே இல்லை. பல்கலைக்கழகத்தில் சுற்றுலா போனபோதெல்லாம் பிளாஸ்டிக் பையோடுதான் போனேன். இத்தனை நாள் வெட்கப்பட்டு மறைத்த விஷயம்.

அக்காவின் முகத்தில் லாட்டரி விழுந்த களை வந்தது. "உண்மையாவா தம்பி? நல்லா வருமா?"

அப்படித்தான் எனக்கு அந்த வேலை கிடைத்தது. பிள்ளை வரும் ஞாயிறுகளுக்கு நடுவில் வரும் சனிக்கிழமைகளில் ஷிப்ட் இல்லாவிட்டால் காலையில் என்னைக் கூப்பிடுவார். முதலில் சாப்பாடு. நெய் தடவிய தோசை நாலு, அவித்த முட்டை இரண்டு, பெரிய கோப்பையில் சர்க்கரை தூக்கலாக மால்ட் பால். என் அம்மாவே எனக்கு அப்படிப் பரிமாறியதில்லை. எதிர்வீட்டுக்காரனைச் சொந்தத் தம்பி போல நினைக்கிறாரே என்று நெகிழ்ந்துபோனேன். பிறகு மலையைத் தாண்டி பாலிக் புலா வரை போய், அங்கே கடைத்தெருவில் ஒரு மணி நேரம் காற்று வாங்கவிட்டு, என்னைப் பின்சீட்டின் இடது பக்கம் உட்காரவைத்துத் திரும்புவார். அதுதான் மகள் உட்காரும் இடம். சன்னல் திறக்கக்கூடாது. பாட்டு இல்லை. பேச்சும் இல்லை. வயிறு புரள ஆரம்பிக்கும் வளைவில் நான் கையைத் தூக்க வேண்டும். டயர்க் காற்றை மட்டும் சரிசெய்திருந்தபோது என் கை ஒன்பதாவது வளைவில் உயர்ந்தது.

இரண்டாவது மாற்றம் காரின் பின்னால் சாமான் வைக்கும் பூட். திறந்து பார்த்தேன். இரண்டு பெட்டி, ஒரு தையல் மெஷின், அரிசிப் பானை, ஒரு மூட்டை பாத்திரம். அந்த வீட்டைவிட்டு வந்த அன்று ஏற்றியது. இரண்டு வருடமாக இறக்கவே இல்லை.

"ஏன்கா மேல கொண்டுபோகல?"

"அலுப்பா இருந்துச்சு," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இறக்கிட்டா இதுதான் வீடுன்னு ஆயிரும்லா," என்றார். பிறகு தையல் மெஷினின் ஒரு முனையை அவரே பிடித்தார்.

பின்பக்கப் பாரம் போனதும் கார் ஒரு விரல் உயர்ந்தது. என் கை பன்னிரண்டாவது வளைவில் உயர்ந்தது.

மூன்றாவது, பட்டறை. ரெலாவ் பக்கம் ஒரு பட்டறை அண்ணன். வண்டியை ஏற்றி அடியில் விளக்கைப் பிடித்துப் பார்த்தவர் சிரித்தார். "என்னக்கா, வளைவுல பறக்கக் கோனரிங் வேணுமா? ரேஸுக்குப் போறீங்களா?"

"மகளக் கூட்டிட்டு வரணும்."

சிரிப்பை நிறுத்திவிட்டுக் காட்டினார். முன்சக்கரங்கள் இரண்டையும் ஒன்றோடு ஒன்று கட்டும் ஒரு இரும்புக் கம்பி உண்டு. வளைவில் ஒரு பக்கம் அமுங்கினால் மறுபக்கத்தையும் இழுத்துப் பிடிக்கும். அதன் ரப்பர் புஷ் தேய்ந்து, இணைப்புகள் கையால் ஆட்டினாலே கடகடவென்றன. "இது இருக்குறதும் ஒண்ணு, இல்லாததும் ஒண்ணு. துள்ளல அடக்குற அப்சோர்பரும் நாலும் போச்சு. எல்லாத்தையும் ஒரே தடவையா மாத்திருவோம்லா."

"புஷ்ஷும் லிங்க்கும் மட்டும் போடுங்க. கழட்டுனத வீசாதீங்க."

கழற்றிய எதையும் அவர் வீச மாட்டார். புதியது சரிதான் என்று தெரிகிறவரை பழையது பெட்டியில் தேதியோடு இருக்கும். அவர் வீட்டுப் பால்கனியில் அப்படிப் பெட்டிகள் அடுக்கியிருக்கும். தாலியும் அவற்றில் ஒன்றில் இருக்குமோ என்று நான் நினைத்ததுண்டு. கேட்டதில்லை.

பதினெட்டாவது வளைவு. எனக்கே நம்பிக்கை வந்தது. கார் வளைவில் சாய்வதற்கு முன் கொஞ்சம் யோசிப்பது போல இருந்தது.

அந்த நம்பிக்கையில்தான் நான் தப்புச் செய்தேன். அடுத்தது அப்சோர்பர் என்று அக்கா சொன்னபோது நான் மேசைமேல் தாளை விரித்துப் படம் வரைந்தேன். வண்டியின் பாரம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு சாயும். உயரத்தைக் குறைத்தால் சாய்வு குறையும். ஆகவே குட்டையான, இறுக்கமான ஸ்பிரிங் போட்டால் ஒரே மாற்றத்தில் பாதிப் பிரச்சினை தீரும். அம்புக்குறி போட்டு விளக்கினேன். அக்கா படத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"அப்சோர்பர் போனதுதானே? அத விட்டுட்டு ஸ்பிரிங்கா?"

"ஒண்ணுதானேக்கா மாத்துறோம்."

அவருடைய விதியையே எடுத்து அவரிடம் நீட்டினேன். சரி என்றார். படித்தவன் சொல்கிறான் என்பதால் சொன்னாரா, அலுப்பில் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சனிக்கிழமை காலை ஸ்பிரிங் மாட்டினார்கள். சாய்வு குறைந்தது உண்மைதான். ஆனால் செத்துப்போன அப்சோர்பரால் இறுக்கமான ஸ்பிரிங்கைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. சாலையில் இருந்த ஒவ்வொரு ஒட்டுக்கும் கார் துள்ளியது. துள்ளியது அடங்குவதற்குள் அடுத்த ஒட்டு. நான் நாலாவது வளைவில் கையைத் தூக்கினேன். ஆறாவதில் பையைத் தேடினேன். திரும்பி வந்தபோது பட்டறை மூடியிருந்தது. மறுநாள் பிள்ளையின் ஞாயிறு.

அந்த ஞாயிறு அவள் வழியிலேயே மூன்று முறை வாந்தி எடுத்தாளாம். வந்ததும் சோபாவில் சுருண்டுகொண்டாள். நான் குற்றவாளி போல வாசலில் நின்றேன். என் ஸ்பிரிங்கைத் தவிர வேறு ஏதாவது காரணம் இருக்காதா என்று மனசு அலைந்தது. அக்கா அடுப்படியில் இருந்த நேரம் பிள்ளையிடம் கேட்டேன்.

"காலையில என்னம்மா சாப்பிட்ட?"

"தோச," என்றாள் கண்ணைத் திறக்காமல். "நாலு. நெய் ஊத்தி. ரெண்டு முட்ட. அப்புறம் பெரிய கப்புல மைலோ பாலு. முழுக்கக் குடிச்சாத்தான் அத்த விடுவாங்க."

அடுப்படிக்கு ஓடினேன். "அக்கா! கண்டுபிடிச்சிட்டேன். காடி மட்டும் இல்ல. பிள்ள வயிறு முட்டச் சாப்பிட்டு வருது. தோச நாலு, முட்ட ரெண்டு..." சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினேன். அந்தப் பட்டியல் எனக்கு நன்றாகத் தெரிந்த பட்டியல். ஒவ்வொரு சனிக்கிழமையும் என் தட்டில் விழுந்த பட்டியல்.

"தெரியும் தம்பி," என்றார் அக்கா, கீரையைக் கிள்ளியபடி.

"அதனாலதான் எனக்கும்...?"

"அவ வயிறு மாதிரி உன் வயிறும் இருக்கணும்ல. இல்லாட்டி டெஸ்ட் தப்பாயிரும்."

எனக்கு எங்கேயோ சுருக்கென்றது. பிறகு கேட்டேன்: "அத்தைகிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன? ரெண்டு தோச குறைச்சுக் குடுக்கச் சொல்லி?"

"அது அவங்க வீட்டு அடுப்பு தம்பி. அதுல நான் ஒண்ணும் மாத்த முடியாது. காடிதான் என்னுது." கீரைத்தண்டை முறித்தார். "அவங்க கெட்டவங்க இல்ல. அம்மாகிட்டப் போற பிள்ளையப் பட்டினியா அனுப்புனாங்கன்னு யாரும் சொல்லிறக்கூடாதுன்னு பயம். நானா இருந்தாலும் அப்படித்தான் ஊட்டி அனுப்புவேன்."

அன்று மாலை பிள்ளையைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த கொஞ்ச நேரத்தில் அழைப்பு வந்தது. அக்கா நடையில் நின்றுதான் பேசினார். அத்தையின் குரல் எனக்கே கேட்டது.

"பிள்ள வந்ததுலேருந்து படுத்தே கெடக்கு. நாளைக்கு ஸ்கூலுக்குப் போகுமான்னு தெரியல. போதும்லா. இனிமே நீ இங்க வந்து பாரு."

"அண்ணி, இன்னும் ஒரே ஒரு தடவை." கணவரின் அக்காவை அவர் அப்போதும் அண்ணி என்றுதான் கூப்பிட்டார்.

"சரி. அடுத்த தடவ நானும் வரேன். பிள்ள பக்கத்துல பின்னாடி உட்கார்ந்து வரேன். அப்படி என்னதான் ஓட்டுறேன்னு நானும் பாக்கறேன். வாந்தி எடுத்துச்சுன்னா அதோட சரி."

அக்கா போனை அணைத்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "ஸ்பிரிங்கு உன் யோசனை. மாட்டுனது நான்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பழைய ஸ்பிரிங் திரும்ப ஏறியது. இரண்டு வாரத்தில் ஒரு சனிக்கிழமை அவருக்கு ஷிப்ட். மிச்சம் இருந்தது ஒரே சனிக்கிழமை. செய்ய வேண்டியது இரண்டு: நாலு அப்சோர்பரும் மாற்ற வேண்டும், பின்சக்கரங்களுக்கும் ஒரு கம்பி போட வேண்டும். இந்தக் காரின் விலை கூடிய மாடலில் மட்டும் பின்கம்பி வரும். நம்முடையதிலும் அதற்கான துளைகள் இருக்கின்றன என்று பட்டறை அண்ணன் கண்டுபிடித்து, பழைய வண்டிகளை உடைத்து விற்கும் கடையிலிருந்து ஒன்று வாங்கி வைத்திருந்தார்.

"அக்கா, இந்த ஒரு தடவ ரெண்டையும் சேத்துப் போட்டுருங்க," என்றேன். கெஞ்சினேன் என்றுகூடச் சொல்லலாம்.

"சேத்துப் போட்டு அவ எடுத்துட்டா? அப்புறம் எதத் தொடுறது?"

"அப்புறம்னு ஒண்ணு இருக்காதேக்கா."

அவர் என்னைப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "அதுக்காகத் தெரியாமயே தோக்கச் சொல்றியா?"

அந்தச் சனிக்கிழமை விடிந்ததும் பட்டறையைத் திறக்கவைத்தார். அப்சோர்பர் நாலும் ஏறியது. எனக்குத் தோசை நாலு, முட்டை இரண்டு, பால் ஒரு கோப்பை. மலையைத் தாண்டிப் போய்த் திரும்பினோம். துள்ளல் அடங்கியிருந்தது. கை இருபத்தேழாவது வளைவில் உயர்ந்தது. பட்டறைக்குத் திரும்பி, பின்கம்பி மாட்டுகிற நேரத்தில் அக்கா தூக்குச்சட்டியைத் திறந்தார். மறுபடி தோசை நாலு. மறுபடி முட்டை இரண்டு.

"அக்கா, இது வேணாமே. அலுப்பா இருக்கு." அந்த வார்த்தை என் வாயிலும் வந்துவிட்டது.

"வெறும் வயித்தோட ஏறுனா ரெண்டு மாத்துன மாதிரி ஆயிரும் தம்பி. சாப்பிடு."

பட்டறை அண்ணன் ஸ்பேனரைப் பிடித்தபடி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "தம்பி, நீ படிச்சிட்டு இந்த வேலைக்கா வந்த?" என்றார்.

இரண்டாம் முறை மலையேறினோம். திரும்பும்போது நான் கண்ணை மூடிக்கொண்டு வளைவுகளை எண்ணினேன். பத்து, இருபது, இருபத்தேழு. உடம்பு பக்கவாட்டில் தள்ளப்பட்டது, ஆனால் கார் கவிழ்வது போலச் சாயவில்லை. ரோட்டோடு ரோட்டாகத் திரும்பியது. முப்பத்தைந்துக்கு மேல் எண்ணிக்கை தவறிவிட்டது. கண்ணைத் திறந்தபோது அடிவாரத்துச் சிவப்பு விளக்கில் நின்றிருந்தோம். என் கை மடியில் இருந்தது. அக்கா கண்ணாடியில் என் கையைப் பார்த்தார். விளக்கு பச்சையாகியும் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

மறுநாள் பத்து மணிக்கு முன்பே நான் கார் நிறுத்துமிடத்தில் போய் நின்றேன். கார் வந்தது. நின்றது. எஞ்சின் அணைந்தது. ஆனால் எந்தக் கதவும் திறக்கவில்லை.

பக்கத்தில் போனேன். அக்கா உள்ளிருந்து கையை உயர்த்தி, சத்தம் போடாதே என்றார்.

பின்சீட்டின் இடது பக்கம் பிள்ளை உட்கார்ந்திருந்தாள். முகத்தில் நிறம் இருந்தது. அவள் பக்கத்தில் அத்தை. தலை பின்னால் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, நல்ல தூக்கம். அவருடைய கைப்பை சரிந்து விழாமல் பிள்ளை பிடித்துக்கொண்டிருந்தாள்.

அக்கா எழுப்பவில்லை. சன்னல்களை இறக்கிவிட்டார். பிள்ளை முன்சீட்டுகளின் நடுவே எட்டி அம்மாவின் காதில் ஏதோ சொன்னாள். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு அவர் ஏதோ சொன்னார். அவள் தோள் குலுங்கியது. அம்மாவும் மகளும் கிசுகிசுத்துக்கொண்டே இருந்தார்கள், ஒரு பத்து நிமிடம். நான் தூணருகே போய் நின்றுகொண்டேன்.

அத்தை விழித்தார். "வந்தாச்சா? எங்க, கோனரே வரலையே?"

இறங்கி, முட்டியைத் தடவிக்கொண்டு காரை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "காடி நல்லா இருக்குலா," என்றார் அக்காவிடம். குரலில் குத்தல் எதுவும் இல்லை. "பஸ்ஸுல வந்தா என் முட்டி தாங்காதுன்னு வருஷக்கணக்கா இந்தப் பக்கமே வரல. இனிமே நானும் பிள்ளையோட வந்திர்றேன். அவளுக்கும் தொணையா இருக்கும். அப்படியே தண்ணீர்மலைக் கோயிலுக்கும் ஒரு எட்டுப் போயிட்டு வந்திரலாம்."

அக்கா வாயைத் திறந்தார். மகளைப் பார்த்தார். "சரி அண்ணி," என்றார்.

நான் வேலை மாறிக் கூலிம் ஊருக்குப் போகும்வரை, ஏறக்குறைய ஒரு வருடம், இரண்டு வாரத்துக்கொரு முறை மூன்று பேராக வந்து இறங்குவதைப் பார்த்தேன். பிள்ளைக்கு ஒரு முறைகூட வாந்தி வரவில்லை. அத்தை சொந்தத் தலையணை கொண்டுவருவார். ஹாலில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்ப்பார். குழம்பில் உப்பும் புளியும் இரண்டுமே குறைவு என்பார். பிள்ளை அவர் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். "நல்லா இருக்கேம்மா," என்பாள். அக்கா டீ போட்டுக் கொண்டுவந்து வைப்பார்.

நான் ஊர் கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு காலை, அவர் காலணி மாட்டிக்கொண்டிருந்தபோது விளையாட்டாகக் கேட்டேன். "அக்கா, காடிய மறுபடி ஆட விட்டுட்டா என்ன? அத்த வரமாட்டாங்கல்ல?"

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ஒரு காலில் மட்டும் காலணியோடு சுவரைப் பிடித்து நின்று யோசித்தார். அந்த விளையாட்டுப் பேச்சுக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை.

"ஆட விட்டா அவங்களுக்கு முட்டிதான் தம்பி வலிக்கும்," என்றார் கடைசியில். "வாந்தி என் பிள்ளைக்குல்ல வரும்."

மறு காலணியையும் மாட்டிக்கொண்டு, இருவரையும் கூட்டிவர இறங்கிப் போனார்.